பைபோலார் நோயறிதல்: பழைய அளவுகோலா, புதியதா? சென்னை ஓ.பி.யிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒருவருடைய கேஸ் ஷீட்டில் 'பைபோலார்' (மனநிலை அளவுக்கு மீறி உயர்வதும் ஆழ்ந்து சோர்வதுமாக வரும் இருமுனைக் கோளாறு) என்று எழுதுவதற்கு எந்த அளவுகோலைப் பின்பற்றுகிறோம் என்பது, வெளியில் இருந்து பார்த்தால் ஏதோ ஆபீஸ் சமாசாரம் போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் மாத்திரையே மாறுகிறது. வெறும் மனச்சோர்வு என்றால் அதற்கான மாத்திரையைத் தைரியமாக எழுதிவிடலாம். பைபோலார் என்றால் அதே மாத்திரையைத் தனியாகக் கொடுக்கத் தயங்க வேண்டும், சிலரை அது மேனியாவுக்கு, அதாவது மனநிலையும் வேகமும் கட்டுக்கு மீறி உயரும் நிலைக்குத் தள்ளிவிடும். மனநிலையைச் சமன்படுத்த லித்தியம் ஆரம்பிப்பதா, வால்ப்ரோயேட்டா என்ற பேச்சு வரும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் கூடாது என்ற கவலை வரும். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அதுவும் இந்த வரியில் வந்து சிக்கிக்கொள்ளும்.

நான் சென்னையில் மனநல மருத்துவராக வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் இப்போது முடிவெடுக்க வேண்டிய கேள்வி இது: இனிமேல் மனநிலைக் கோளாறுகளை எந்த அளவுகோலின்படி எழுதுவது, பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? எங்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய் வகைப்பாடான, நாங்கள் பழகிய ஐசிடி-10-லேயே தொடரலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5-க்கு மாறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பதிப்பான ஐசிடி-11-க்கு மாறலாம். இல்லையென்றால், இவை எல்லாமே குறுகலானவை என்று சொல்லி, லேசான அறிகுறி உள்ளவர்களையும் பைபோலாரில் சேர்க்கும் 'ஸ்பெக்ட்ரம்' பார்வையை எடுத்துக்கொள்ளலாம்.

ஐசிடி-10: கை பழகிய வழி

இதன் பலம் பழக்கம்தான். மேனியாவுக்கு எஃப் 30, பைபோலாருக்கு எஃப் 31, மனச்சோர்வுக்கு எஃப் 32 என்று எழுதுவது எங்கள் தலைமுறைக்குத் தானாகவே வரும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இன்சூரன்ஸ் படிவத்திலும் இந்த எண்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இடறும் இடம் எது என்றால், முதல் மேனியா. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளாகத் தூக்கமில்லை, களைப்பும் இல்லை. ஸ்டார்ட்அப் தொடங்கப்போவதாகச் சொல்லி அம்மாவின் வளையலை அடகு வைத்துவிட்டான். தடுத்த அப்பாவை அடிக்கப் போனான். வார்டில் சேர்க்கிறோம். ஐசிடி-10-இன்படி இது 'ஒற்றை மேனியா எபிசோட்'. பைபோலார் என்று எழுத வேண்டுமென்றால் இன்னொரு எபிசோட் வர வேண்டும். பெற்றோருக்கு இதில் ஒரு நிம்மதி கிடைக்கிறது. ஒரு தடவைதானே, படிப்பு டென்ஷன், சரியாகிவிட்டது என்று ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மேனியா வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மனநிலை எபிசோட்கள் திரும்ப வருகின்றன. இந்தத் தகவலை ஒளித்து வைத்துக் கொடுக்கும் நிம்மதியை நான் கருணை என்று எண்ணவில்லை.

இரண்டாவது குறை, பைபோலாரின் டைப் 2-க்கு அதில் தனி இடம் கிடையாது. ஹைப்போமேனியாவும் (மேனியாவின் லேசான வடிவம்) கடுமையான மனச்சோர்வும் மாறி மாறி வரும் இவர்களை 'மற்றவை' என்ற தலைப்புக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். லூயிஸ் ஜட் குழுவினர் டைப் 2 நோயாளிகளைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் வாரங்களில் பாதியை மனச்சோர்வில் கழித்தது தெரிந்தது. ஹைப்போமேனியாவில் கழிந்த காலம் மிகக் குறைவு. அதனால் அவர்கள் நம்மிடம் வரும்போது மனச்சோர்வு நோயாளியாகத்தான் வருவார்கள். தேடாத மருத்துவர் கண்ணில் மற்றது படாது.

எனக்கு ஐசிடி-10 இதோடு முடிந்துவிட்டது. பழக்கம் என்பதற்காக இதை வைத்துக்கொள்ள முடியாது.

டிஎஸ்எம்-5: நான்கு நாள், ஏழு அறிகுறி

டைப் 2-க்குத் தனி இடம் கொடுத்தது 1994-ல் வந்த டிஎஸ்எம்-4. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 செய்த பெரிய மாற்றம் வேறு. அதுவரை மேனியா என்று சொல்ல, மனநிலை உயர்ந்திருக்க வேண்டும் அல்லது எரிச்சல் மிகுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வாசல். 2013-க்குப் பிறகு மனநிலை மாற்றத்தோடு உடலின் சக்தியோ செயல்பாடோ கூடியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அப்புறம் ஏழு அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், வெறும் எரிச்சல் மட்டும் என்றால் நான்கு. மேனியாவுக்கு ஒரு வாரம், ஹைப்போமேனியாவுக்குத் தொடர்ந்து நான்கு நாள்.

சக்தி என்ற நிபந்தனையால் பைபோலார் என்று பெயர் பெறுவோர் எண்ணிக்கை குறைகிறது என்று சில ஆய்வுகள் காட்டின. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு நம் ஊர் அனுபவத்தில் இது மிக நல்ல மாற்றம். "நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்ல மேடம், நார்மலாத்தான் இருந்தேன்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வேலை செஞ்சுட்டிருந்தீங்க? மறுநாள் அசதி இருந்துச்சா?" என்று கேட்டால் கதை தானாக வெளியே வரும். செயல் நினைவில் நிற்கும், வெளியாட்களும் பார்த்திருப்பார்கள்.

இதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஓ.எம்.ஆர். பக்கம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் நாலு மணி நேரம்தான் தூங்குகிறார். அது தூக்கக் குறைவு. அவருக்குத் தூக்கம் வேண்டும், கிடைக்கவில்லை, மறுநாள் கண் எரிகிறது, காபியில் ஓட்டுகிறார். மேனியாவில் தூக்கத் தேவையே குறைந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை ஒரு மனைவி எனக்குச் சொன்ன மாதிரி எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை: "ஷிப்ட் முடிஞ்சு வந்தா எப்பவும் பொணமாட்டம் படுத்துடுவாரு மேடம். இந்த ஒரு வாரமா வந்ததும் பரண்ல இருக்கறதெல்லாம் எறக்கி வச்சு கழுவறாரு. மூணு மணிக்கு என்னை எழுப்பி பிசினஸ் பிளான் சொல்றாரு. காலையில பார்த்தா மூஞ்சி பளிச்சுனு இருக்கு." அதே அலுவலகம், அதே ஷிப்ட். மாறியது அவர்தான்.

டிஎஸ்எம்-5 எனக்குப் பிடிக்காமல் போவது இரண்டு இடங்களில். முதலாவது, அந்த நான்கு நாள் கணக்கு. எரிச்சலும் வேகமும் மூன்று நாள் இருந்ததா நான்கு நாளா என்று, இரண்டு வருடத்துக்கு முந்தைய விஷயத்தை யாரால் சொல்ல முடியும்? மாணவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, "சரியா நாலு நாளா?" என்று நோயாளியை மடக்குகிறார்கள். அவரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி வைக்கிறார்.

இரண்டாவது, கலப்பு நிலை. மனச்சோர்வும் மேனியா அறிகுறிகளும் ஒரே நேரத்தில் கலந்து வருவதைத்தான் எங்கள் வேலையிலேயே அதிகம் பயந்து பார்க்க வேண்டும், தற்கொலை ஆபத்து அப்போது கூடுகிறது. டிஎஸ்எம்-5 'கலப்பு எபிசோட்' என்பதை எடுத்துவிட்டு, 'கலப்பு அம்சங்களோடு' என்ற துணைக்குறிப்பாக மாற்றியது. அதை வெறும் மனச்சோர்வு நோயாளிக்கும் போடலாம் என்பது நல்ல விஷயம், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வேண்டிய அறிகுறிப் பட்டியலிலிருந்து எரிச்சல், கவனச்சிதறல், உடல் பரபரப்பு மூன்றையும் நீக்கிவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவை என்பது அவர்கள் சொன்ன காரணம். நேரில் பார்த்தால், கலப்பு நிலையில் இருப்பவர் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறார், தொட்டதுக்கெல்லாம் சீறுகிறார், "செத்துடலாம்னு இருக்கு, ஆனா மண்டை நிக்க மாட்டேங்குது" என்கிறார். அவரிடம் முதலில் கண்ணில் படும் அறிகுறிகளே கணக்கில் வராமல் போகின்றன. (இப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.)

ஐசிடி-11: இடம் விட்டு எழுதியது

2019 மே மாதம் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டைப் 1, டைப் 2 இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்தது. ஒரே ஒரு மேனியாவோ கலப்பு எபிசோடோ வந்தாலே டைப் 1 என்றது. டிஎஸ்எம்-5 கொண்டுவந்த சக்தி நிபந்தனையை இதுவும் எடுத்துக்கொண்டது. அந்த வகையில் இரண்டும் முன்பைவிட நெருங்கிவிட்டன.

வித்தியாசம் எழுதிய விதத்தில் இருக்கிறது. ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள் என்று கோடு கிழிக்காமல், குறைந்தது 'பல நாட்கள்' என்கிறது. ஏழில் மூன்று என்று எண்ணச் சொல்லாமல் 'பல அறிகுறிகள்' என்கிறது. கலப்பு எபிசோடை வைத்துக்கொண்டது. மனச்சோர்வு மேலோங்கிய கலப்பு நிலையில் எரிச்சலையும் ஓடும் எண்ணங்களையும் கணக்கில் சேர்க்கிறது. மேலே சொன்ன அந்த மனிதருக்கு இங்கே இடம் இருக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. கலப்பு எபிசோட் என்று எழுதினாலே டைப் 1 ஆகிவிடுகிறது, நடுவில் நிற்க இடமில்லை.

இப்படித் தளர்வாக எழுதினால் ஆளுக்கொரு முடிவு வராதா என்று எங்கள் துறையிலேயே ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐசிடி-11-ஐ இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் உண்மையான நோயாளிகளிடம் சோதித்தபோது, இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போகும் அளவைக் காட்டும் கப்பா எண் டைப் 1-க்கு 0.8-க்கும் மேல் வந்தது. டிஎஸ்எம்-5 களச் சோதனையில் அது 0.56. இதை வைத்து ஐசிடி-11 ஜெயித்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். டிஎஸ்எம் சோதனையில் இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு நேரத்தில் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். ஐசிடி சோதனையில் இருவரும் ஒரே பேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பதிலைக் கேட்டவர்கள் ஒத்துப்போவது எளிது. ஆனால் எண்ணிக்கையைத் தளர்த்தியதால் குழப்பம் வந்துவிடவில்லை என்ற அளவுக்கு இந்த எண் போதும்.

அப்புறம் சட்டம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, மனநோய் உண்டா என்பதைத் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படி தீர்மானிக்க வேண்டும் என்கிறது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி, அதுவும் அதன் அண்மைப் பதிப்பு. இன்னொன்று, காசு. டிஎஸ்எம்-ஐ விலைக்கு வாங்க வேண்டும். ஐசிடி-11-இன் மனநலப் பகுதிக்கான விரிவான மருத்துவ விளக்கங்களை உலக சுகாதார நிறுவனம் 2024-ல் இலவசமாக வெளியிட்டுவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர் ஒருவர் செல்போனிலேயே படித்துக்கொள்ளலாம்.

எல்லையை இன்னும் தளர்த்தினால்?

நான்காவது வழியைச் சொல்பவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. ஜூல்ஸ் ஆங்ஸ்ட், ஹகோப் அகிஸ்கல் இருவரும் வாழ்நாள் முழுக்க இதில் உழைத்தவர்கள். ஆங்ஸ்ட் தலைமையில் 18 நாடுகளில் 5635 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த பிரிட்ஜ் ஆய்வு 2011-ல் வெளியானது. அப்போதைய டிஎஸ்எம் அளவுகோல்படி அவர்களில் 16 சதவீதம் பேர் பைபோலார். ஆங்ஸ்ட் முன்வைத்த தளர்வான அளவுகோல்படி 47 சதவீதம். அதாவது மனச்சோர்வு என்று வரும் இருவரில் ஒருவர்.

தவறவிட்ட நோயறிதலின் வலி உண்மையானது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் பைபோலார் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. அதைக் கேட்டால் எல்லையைத் தளர்த்தத்தான் தோன்றும். ஆனால் அந்த 70 சதவீதம் அளவுகோல் குறுகலாக இருப்பதால் விடுபட்டவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கே வராதவர்கள், வந்து பாதியில் நின்றவர்கள், கோயில் கோயிலாக அலைந்துகொண்டிருப்பவர்கள், கீழ்ப்பாக்கம் என்ற பேருக்கே பயந்து வீட்டில் பூட்டி வைக்கப்பட்டவர்கள். புத்தகத்தைத் திருத்தினால் அவர்கள் வந்துவிட மாட்டார்கள்.

தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே சிறுவர்களுக்குப் பைபோலார் என்று எழுதப்பட்ட வெளிநோயாளி வருகைகள் 1994-95-ல் ஒரு லட்சத்துக்கு 25 என்ற கணக்கில் இருந்தன. 2002-03-ல் அது 1003 ஆனது. எரிச்சல்படும் பிள்ளைகள் எல்லாம் பைபோலார் ஆனார்கள். பெரியவர்களிடத்திலும் இதே கதைதான். மார்க் சிம்மர்மேன் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பே பைபோலார் என்று சொல்லப்பட்டவர்களை முறையாகப் பேட்டி எடுத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் அது உறுதியானது.

தவறான பைபோலார் முத்திரைக்குச் சென்னையில் என்ன விலை என்று யோசியுங்கள். லித்தியம் ரத்தத்தில் 0.6-லிருந்து 1.0 வரை இருக்க வேண்டும், அதற்கு மேல் போகப் போக நஞ்சு. சித்திரை வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினால் அளவு ஏறிவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபெனாக்கும் ஏற்றிவிடும். கட்டட வேலைக்குப் போகும் ஒருவருக்கு, தேவையே இல்லாமல் இந்த மருந்தைப் பல வருடம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. தேவைப்படுகிறவருக்கு லித்தியத்தைப் போல உயிர் காக்கும் மருந்து வேறு கிடையாது, அதனால்தான் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

ஸ்பெக்ட்ரம் பார்வையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிலிப் மிட்செல் குழுவினர் 2008-ல் ஒரு யோசனை சொன்னார்கள். 25 வயதுக்கு முன் தொடங்கிய மனச்சோர்வு, அதிகத் தூக்கம், அதிகப் பசி, ஐந்து தடவையோ அதற்கு மேலோ வந்த எபிசோட்கள், ரத்த உறவில் பைபோலார், இப்படிப் பல கூடினால் பின்னாளில் பைபோலார் என்று தெரியவரும் வாய்ப்பு கூடுதல். இது நோயறிதல் ஆகாது. ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் எச்சரிக்கை. மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரச்சொல்ல இது போதும்.

யாரைக் கேட்பது

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். டிஎஸ்எம்-5, ஐசிடி-11 இரண்டிலுமே ஒரு நிபந்தனை இருக்கிறது: ஹைப்போமேனியாவில் ஏற்பட்ட மாற்றம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எத்தனை நாள், எத்தனை அறிகுறி என்று கருத்தரங்குகளில் சண்டை போடுகிறார்கள். இந்த வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹைப்போமேனியாவில் இருந்தவருக்கு அது நோயாகவே தோன்றாது, தன் வாழ்க்கையின் நல்ல காலமாகத் தோன்றும். அவரை மட்டும் கேட்டு எழுதினால் எந்த அளவுகோலும் தோற்றுப்போகும்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சென்னையில் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் நோயாளி தனியாக வருவது அபூர்வம். அம்மா வருவார், அண்ணன் வருவார், சில சமயம் பக்கத்து வீட்டு அக்கா வருவார். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர்களை உள்ளே கூப்பிட ஒரு நிமிடம் ஆகும். கூப்பிடுவதில்லை, கூட்டம் அதிகம் என்பதால்.

ஆனால் குடும்பம் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளவும் கூடாது. மாமியாரும் கணவரும் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, "வாய் ஜாஸ்தி ஆயிடுச்சு மேடம், சொல்லாம கொள்ளாம வெளிய போறா, காசை வாரி எறைக்கிறா" என்று சொல்கிறார்கள். அதிகப் பேச்சு, அதிக நடமாட்டம், கட்டுப்பாடில்லாத செலவு. பட்டியலில் மூன்று சேர்ந்துவிட்டது. அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டால், மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், தன் சம்பளத்தில் தங்கைக்கு பீஸ் கட்டியிருக்கிறார். ராத்திரி பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். அவருடைய அம்மாவிடம் போனில் பேசினால், "அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாம்மா, கல்யாணத்துக்கு அப்புறம்தான் வாயை மூடிட்டிருந்தா" என்கிறார். இது மேனியா இல்லை. ஒரு வீட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருந்தால் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு நோயறிதல் எண் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான் மாணவர்களிடம் சொல்வது, வழக்கமான சுபாவம் தெரிந்த ஒருவரையும், கூட வந்தவரோடு ஒரே அடுப்பில் சாப்பிடாத ஒருவரையும் கேளுங்கள்.

அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும், நாட்களைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை விட்டுவிட்டு, இந்த விசாரிப்பை அளவுகோலின் நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. யாரைக் கேட்டோம், அவர் நோயாளிக்கு என்ன உறவு என்று எழுதாமல் ஹைப்போமேனியா என்று எழுதக் கூடாது என்ற விதி வந்தால், சிம்மர்மேன் கண்ட தவறான முத்திரையும் குறையும், நோயை வருடக்கணக்கில் தவறவிடுவதும் குறையும்.

எங்கள் துறைக்கு நான் சொல்லப்போவது

ஐசிடி-11-க்கு மாறுவோம். டைப் 1, டைப் 2, கலப்பு எபிசோட் எல்லாம் அதன்படியே எழுதுவோம். முதல் மேனியாவிலேயே பைபோலார் என்று சொல்வோம், அதைப் பெற்றோரிடம் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குவோம். அந்த அரை மணி நேரம் இல்லையென்றால் இந்த மாற்றம் குடும்பத்தைப் பயமுறுத்துவதில்தான் முடியும். இந்தியாவிலும் நைஜீரியாவிலும் நடந்த ஆய்வுகளில், மனச்சோர்வே வராமல் மேனியா மட்டும் திரும்பத் திரும்ப வருபவர்கள் மேற்கு நாடுகளைவிட அதிகம் என்று தெரிந்திருக்கிறது. "சோர்வே வரலையே, அப்புறம் எப்படி இருமுனை?" என்று அப்பா கேட்பார். பதில் தயாராக இருக்க வேண்டும்.

டிஎஸ்எம்-5-இன் ஏழு அறிகுறிப் பட்டியலையும் நான்கு நாள் கணக்கையும் மாணவர் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு எண் வேண்டும்தான். மனச்சோர்வோடு கொஞ்சம் மேனியா அறிகுறி மட்டும் உள்ளவருக்கு ஐசிடி-11-இல் சரியான இடமில்லாததால், 'கலப்பு அம்சங்கள்' என்று தமிழிலேயே ஒரு வரி குறித்துவைக்கலாம். மிட்செல் பட்டியல் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் வரட்டும், நோயறிதல் எண்ணாக வேண்டாம்.

பழைய கோப்புகளில் எஃப் 30 என்று இருப்பவர்களை ஒரே நாளில் பைபோலார் ஆக்கிவிடக் கூடாது. அடுத்த தடவை அவர்கள் வரும்போது, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, பழைய வரலாற்றை மறுபடி கேட்டு, பிறகு மாற்றலாம். இன்சூரன்ஸ் படிவங்களில் ஐசிடி-10 எண் கேட்கும்வரை இரண்டு எண்ணையும் எழுதுவோம். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. எண் பொருந்தவில்லை என்ற காரணத்தைச் சொல்லி யாருடைய கிளெய்மும் திரும்பி வரக் கூடாது.